பிரிட்டிஷ் நெடும்பெட்டிக் கடிகாரம்

நெடும்பெட்டிக் கடிகாரம் என்பது ஆளைவிட உயரமான மரப்பெட்டிக்குள் எடைக்குண்டுகளின் இழுப்பால் ஓடி, ஊசலால் நேரம் காக்கும் தரைக் கடிகாரம். 1660களில் லண்டனில் உருப்பெற்று, ஏறக்குறைய 200 ஆண்டுகள் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் எங்கும் செய்யப்பட்டது. உயரம் பெரும்பாலும் 2 மீட்டரை ஒட்டி இருக்கும்; மாளிகைக் கடிகாரங்கள் இரண்டரை மீட்டரையும் தொடும். ஊரார் இதைத் தாத்தா கடிகாரம் என்பது, 1876இல் ஹென்றி கிளே வொர்க் என்ற அமெரிக்கர் எழுதிய பாட்டு பரவிய பிறகு வந்த வழக்கம். வியாபாரிகளும் சேகரிப்பாளர்களும் லாங்கேஸ் என்றே சொல்கிறார்கள்.

பெட்டி வந்த காரணம்

17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வசதியான ஆங்கில வீட்டுச் சுவரில் தொங்கியது கூண்டு வடிவப் பித்தளைக் கடிகாரம். அதற்கு ஒரே முள். நாளுக்குக் கால் மணி நேரம் முன்பின் ஓடுவது அன்று குறையாகத் தெரியவில்லை. 1656இல் நெதர்லாந்தின் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் கடிகாரத்தில் ஊசலைப் பொருத்தினார். மறு ஆண்டே தி ஹேக் நகரத்துக் கடிகாரக்காரர் சாலமன் காஸ்டர் அந்த வகையைச் செய்து விற்கும் உரிமையைப் பெற்றார். லண்டனில் தொழில் நடத்திய அஹாசுவரஸ் ஃப்ரமான்டீலின் மகன் ஜான், 1657 செப்டம்பரில் காஸ்டரிடம் ஒப்பந்தம் எழுதி வேலைக்குச் சேர்ந்தார். 1658 அக்டோபரில் தகப்பனார் லண்டன் செய்தித்தாளில் புதுவகைக் கடிகாரம் விற்பனைக்கு என்று விளம்பரம் கொடுத்துவிட்டார். மகன் கற்றது தகப்பன் கடைக்கு வந்து சேர ஓராண்டுக்குச் சற்றுமேல்தான் ஆயிற்று.

நீண்ட ஊசலுக்காகத்தான் நீண்ட பெட்டி செய்தார்கள் என்று பலரும் எழுதுவது தவறு. முதல் நெடும்பெட்டிக் கடிகாரங்களில் இருந்தது குட்டை ஊசல். அது இயந்திரத்தை ஒட்டியே மேலே ஆடியது. பெட்டியின் வேலை தொங்கும் குண்டுகளையும் கயிறுகளையும் மறைப்பதும், தூசியையும் குழந்தைகளின் கையையும் தடுப்பதும்தான். நீண்ட ஊசல் அப்படி ஏற்கெனவே காத்திருந்த பெட்டிக்குள் குடிவந்தது.

அதற்கு வழிவிட்டது 1670ஐ ஒட்டி வந்த ஒரு சிறு உறுப்பு. குண்டின் இழுப்பில் சுழலத் துடிக்கும் சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக விடுவிக்கும் பகுதியைக் கடிகாரக்காரர்கள் எஸ்கேப்மென்ட் என்பார்கள். பழைய வகையில் ஊசல் அகலமாக வீசி ஆடினால்தான் பல் விடுபடும். புதியது நங்கூர வடிவில் இருந்தது. ஊசல் நாலைந்து டிகிரி அசைந்தாலே அதற்குப் போதும். வீச்சு சுருங்கியதால் ஊசலை நீட்ட முடிந்தது, நீண்ட ஊசல் ஒடுக்கமான பெட்டிக்குள் இடிக்காமல் ஆடியது. கண்டுபிடித்தவர் யார் என்பதில் வழக்கு தீரவில்லை. அறிவியலாளர் ராபர்ட் ஹூக் தமக்கு உரியது என்றார். கடிகாரக்காரர்கள் வில்லியம் கிளெமென்ட்டுக்கும் ஜோசஃப் நிப்புக்கும் ஆதரவாளர்கள் உண்டு. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிக்காகக் கிளெமென்ட் 1671 என்று ஆண்டு பொறித்துச் செய்த கோபுரக் கடிகாரம் இன்று லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இயக்கம்

ஒரு பக்கம் போய்ச் சேரச் சரியாக 1 விநாடி எடுக்கும் ஊசலின் நீளம் சுமார் 994 மில்லிமீட்டர். இந்த அளவே நாடெங்கும் வழக்காயிற்று. நங்கூரத்தின் கீழுள்ள சக்கரத்துக்கு 30 பற்கள். ஊசல் போய்த் திரும்பும் 2 விநாடிக்கு ஒரு பல் நகரும். ஆக நிமிடத்துக்கு ஒரு சுற்று. அதன் அச்சை முகப்புக்கு வெளியே நீட்டி ஒரு முள்ளை மாட்டினால் அதுவே விநாடி முள். கூடுதலாக ஒரு சக்கரமும் வேண்டியதில்லை. அந்த முள்ளை உற்றுப் பார்ப்பவருக்கு ஒன்று தெரியும்: ஒவ்வொரு துடிப்பிலும் முன்னே தாவி, மயிரிழை பின்வாங்கி, பிறகே நிற்கும். நங்கூரத்தின் கை பல்லைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளுவதால் வரும் அசைவு இது. கடிகாரக்காரர் ஜார்ஜ் கிரஹாம் 1715ஐ ஒட்டிச் செப்பம் செய்த வகையில் இந்தப் பின்வாங்கல் இல்லை. முள் தாவியதும் அப்படியே நிற்கும். வானாய்வகங்கள் அதையே விரும்பின.

ஊசலின் அடியிலுள்ள திருகாணியைச் சுற்றிக் குண்டை உயர்த்தினால் கடிகாரம் விரையும், தாழ்த்தினால் மந்தமாகும். நீளம் 1 மில்லிமீட்டர் மாறினால் நாளுக்குச் சுமார் 43 விநாடி மாறும். வெயிலில் எஃகுத் தண்டு நீள்வதால் 1 டிகிரி செல்சியஸ் கூடினால் நாளுக்கு அரை விநாடி குறையும். வீட்டுக்காரர் இதைப் பொருட்படுத்தவில்லை, வானியலாளர் பொறுக்கவில்லை. கிரஹாம் 1720களில் ஊசலின் அடியில் பாதரசக் குப்பியை வைத்தார்: தண்டு கீழே நீளும்போது பாதரசம் மேலே விரியும், கணக்கு நேராகும். அதே பத்தாண்டில் லிங்கன்ஷயரின் பாரோ கிராமத்துத் தச்சர் ஜான் ஹாரிசன் பித்தளைக் கம்பிகளையும் எஃகுக் கம்பிகளையும் மாற்றி மாற்றி அடுக்கி அதே பலனைக் கண்டார். பின்னாளில் கடலில் தீர்க்கரேகை கண்டறியும் கடிகாரத்தால் புகழ்பெற்ற அதே ஹாரிசன்தான். அவர் 1713 முதல் செய்த நெடும்பெட்டிக் கடிகாரங்களில் சக்கரங்களே மரம்.

கடிகாரங்கள் இரு சாதியாகப் பிரிந்தன. வாரம் ஒருமுறை சாவி கொடுக்கும் 8 நாள் கடிகாரத்தில் ஒன்று ஓட்டத்துக்கும் ஒன்று மணியடிக்கவும் என இரு குண்டுகள். ஒவ்வொன்றும் 5, 6 கிலோ. முகப்பில் இரண்டு சாவித் துளைகள் இருக்கும். 30 மணி நேரக் கடிகாரத்தில் ஒற்றைக் குண்டே இரண்டு வேலையையும் பார்க்கும். தினமும் பெட்டியைத் திறந்து சங்கிலியை இழுத்துவிட வேண்டும், துளைக்கு வேலையே இல்லை. ஆனாலும் பல 30 மணி நேரக் கடிகாரங்களின் முகப்பில் சாவித் துளைகளைப் போலியாக வரைந்திருக்கிறார்கள். வந்து போகும் விருந்தாளிக்கு விலை உயர்ந்த கடிகாரமாகத் தெரியட்டும் என்ற எண்ணம்தான்!

மணியடிப்பில் பழைய முறை, விளிம்பில் வெட்டுகள் கொண்ட எண்ணிக்கைச் சக்கரம். அது அடித்த வரிசையை மட்டும் அறியும், முள் எங்கே நிற்கிறது என்பதை அறியாது. ஒருமுறை தவறினால் 4 மணிக்கு 7 அடித்துக்கொண்டே இருக்கும். 1676இல் எட்வர்ட் பார்லோ என்ற பாதிரியார் வகுத்த முறையில், மணி முள்ளோடு சுற்றும் நத்தை வடிவத் தகட்டை ஒரு நெம்புகோல் தொட்டுப் பார்த்து அடிக்கும். முள்ளும் மணியும் பிரிவதே இல்லை. ஜோசஃப் நிப் இன்னொரு வழியில் போனார். ரோமானிய எண்ணில் வரும் ஒன்றுக்கு ஒரு மணி, ஐந்துக்கு வேறு ஓசையுள்ள மணி, பத்துக்கு அதையே இருமுறை. 12 மணி நேரத்தில் 78 அடிகள் 30 ஆகக் குறைந்தன. மாதம் ஒருமுறை சாவி கொடுக்கும் கடிகாரத்துக்கு அது பெரிய சேமிப்பு. மற்றக் கடிகாரங்களில் நான்கைக் குறிக்க நான்கு கோடுகள் போடும் வழக்கம் இருக்க, இவற்றில் மட்டும் ஐந்துக்கு முன் ஒரு கோடு போட்டிருப்பார்கள்.

முகப்பு சொல்லும் வயது

பெட்டியை மாற்றலாம், பெயரைப் பொய்யாகப் பொறிக்கலாம். முகப்பின் பாணிதான் வயதைக் காட்டிக்கொடுக்கும் முதல் சாட்சி. 1680களின் முகப்பு சுமார் 10 அங்குலச் சதுரப் பித்தளைத் தகடு. மேலே வெள்ளி பூசிய எண் வளையம், நான்கு மூலைகளிலும் இறக்கை முளைத்த குழந்தைத் தலை வார்ப்புகள். 1700 வாக்கில் அது 12 அங்குலமாயிற்று. 1715, 1720 முதல் சதுரத்தின் மேல் அரைவட்ட வளைவு ஏறியது. லண்டனின் பெரும்புகழ்க் கடிகாரக்காரர் தாமஸ் டாம்பியன் 1709இல் பாத் நகர நீரூற்று மண்டபத்துக்குக் கொடுத்த கடிகாரத்தில் வளைவு உண்டு. சூரியக் கடிகாரத்துக்கும் இயந்திரக் கடிகாரத்துக்கும் உள்ள வேறுபாட்டை அது காட்டும். அந்த வேறுபாடு ஆண்டில் சில நாட்களில் கால் மணி நேரத்தைத் தாண்டும். சூரியக் கடிகாரத்தைப் பார்த்தே வீட்டுக் கடிகாரத்தைத் திருத்திய காலத்தில் அதைச் சொல்லும் அட்டவணையைப் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டி வைப்பதும் உண்டு.

பின்னாளில் வளைவை நிலா பிடித்துக்கொண்டது. 118 பற்கள் கொண்ட வட்டில் இரு நிலாக்களை வரைந்து நாளுக்கு இரண்டு பல் நகர்த்தினால் ஒரு நிலாவுக்கு இருபத்தொன்பதரை நாள். தெருவிளக்கில்லாத கிராமத்தில் எந்த இரவில் நடந்து போகலாம் என்று இது சொல்லியது. துறைமுக ஊர்களில் அதே வட்டில் கடல் ஏறும் நேரத்தையும் எழுதிக் கொடுத்தார்கள். ஆடும் கப்பல், ஆதாம் ஏவாள் போன்ற அசையும் பொம்மைகளுக்கும் வளைவு இடம் கொடுத்தது. என் பார்வையில் இவை விளையாட்டு, நிலா அப்படியல்ல.

1772இல் பர்மிங்காமில் ஆஸ்பர்ன், வில்சன் என்ற கூட்டாளிகள் வெள்ளை வண்ணம் பூசிய இரும்பு முகப்புகளை விளம்பரம் செய்தார்கள். விளக்கு வெளிச்சத்தில் எண்கள் பளிச்சென்று தெரிந்தன. ஒரு தலைமுறைக்குள் ஊர்ப்புறங்களில் பித்தளை முகப்பு ஏறத்தாழ ஒழிந்தது. மூலைகளில் முதலில் ஸ்ட்ராபெர்ரியும் பூக்களும். 19ஆம் நூற்றாண்டில் நான்கு பருவங்கள், நான்கு கண்டங்கள் என்று ஓவியம் தடித்துக்கொண்டே போயிற்று.

மரமும் பல கைகளும்

தொடக்கக் காலப் பெட்டிகள் கருங்காலித் தகடு ஒட்டிய, கோயில் முகப்பின் சாயல் கொண்ட மெலிந்த உருவங்கள். 1670களில் வால்நட் மரமும் பூவேலை இழைப்பும் வந்தன. ஊசலின் குண்டு ஆடுவது தெரிய உடற்பகுதிக் கதவில் வட்டக் கண்ணாடி பதித்ததும் அப்போதுதான். முதலில் தலைப்பகுதியை மேலே தூக்கித்தான் சாவி கொடுத்தார்கள். கடிகாரம் உயர உயர அது நடவாது போய், முன்னால் உருவி எடுக்கும் தலையும் கண்ணாடிக் கதவும் வந்தன. 1721இல் குடியேற்ற நாட்டு மரங்களுக்குச் சுங்கவரி நீங்கியபின் மஹோகனி மெல்ல மெல்ல வால்நட்டின் இடத்தைப் பிடித்தது. லங்காஷயர் தச்சர்கள் அன்னக் கழுத்து வளைவுகளோடு அகன்ற பெட்டிகளை இழைத்தார்கள். உழவர் வீட்டுக்கு ஓக் மரம் போதுமாயிருந்தது.

முகப்பில் பொறித்த பெயரைக் கண்டு இவரே அனைத்தையும் செய்தார் என்று கொள்வதற்கில்லை. பெட்டி தச்சருடையது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பித்தளை வார்ப்பு ஒரு பட்டறையிலிருந்தும், வண்ண முகப்பு பர்மிங்காமிலிருந்தும், முட்களும் மணியும் வேறு கடைகளிலிருந்தும் வந்தன. உள்ளூர்க்காரர் அவற்றைச் சேர்த்து ஓடவிட்டார்; சிலர் விற்றதோடு சரி. டாம்பியனும் கிரஹாமும் வேறு வகை. கிரீனிச் வானாய்வகத்துக்கு 1676இல் டாம்பியன் ஆண்டுக்கு ஒருமுறை சாவி கொடுக்கும் இரு கடிகாரங்களைச் செய்தார். அவற்றின் ஊசல் 13 அடி. பூமி சீரான வேகத்தில் சுழல்கிறது என்று அங்கிருந்த வானியலாளர் ஃபிளாம்ஸ்டீட் காட்டியது அவற்றைக் கொண்டே. குருவும் சீடருமான அந்த இருவரும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் ஒரே கல்லறையில் இருக்கிறார்கள்.

வானாய்வகக் கிளையின் ஒரு கடிகாரம் தமிழ்நாட்டுக்கும் வந்தது. சூரியனை வெள்ளி கடக்கும் நிகழ்வுகளை அளக்க லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிகாரம் செய்தவர் ஜான் ஷெல்டன். அவர் பெயர் பொறித்த கடிகாரம் ஒன்று நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த மதராஸ் வானாய்வகத்தில் நேரம் காத்து, பிறகு கொடைக்கானல் வானாய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

சரிவு

1797இல் பிரதமர் வில்லியம் பிட் கடிகாரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 ஷில்லிங் வரி போட்டார். வாங்குவோர் குறைந்து தொழிலாளிகள் வேலையின்றி நின்றதால் மறு ஆண்டே அது நீங்கியது. நெடும்பெட்டியை வீழ்த்தியது வரியல்ல, மலிவு. லண்டன் நாகரிகம் 1800க்குள்ளேயே இதைக் கைவிட்டிருந்தது; வடக்கிலும் மேற்கிலும்தான் அரைநூற்றாண்டுக்கு மேல் தாக்குப்பிடித்தது. 1842இல் சான்சி ஜெரோம் என்ற அமெரிக்கர் இயந்திரத்தில் வெட்டிய பித்தளைச் சக்கரங்கள் கொண்ட கடிகாரங்களை இங்கிலாந்துக்கு அனுப்பினார். இவ்வளவு மலிவாக இருக்க முடியாது, வரி ஏய்க்க விலையைக் குறைத்துக் காட்டுகிறார் என்று கருதிய சுங்க அதிகாரிகள், சட்டப்படி அவர் எழுதிய விலையோடு பத்து சதவீதம் சேர்த்துக் கொடுத்துச் சரக்கைப் பறித்துக்கொண்டார்கள். உட்கார்ந்த இடத்திலேயே முழுச் சரக்கும் விற்றுப்போன மகிழ்ச்சியில் ஜெரோம் அடுத்த கப்பலையும் அனுப்பினார், அதையும் எடுத்துக்கொண்டார்கள். அதன்பிறகுதான் விலை உண்மை என்பது அவர்களுக்கு விளங்கியது. 1870க்குப் பின் புதிதாகச் செய்தவர்கள் மிகச் சிலர்.

இன்று சந்தையில் நிற்பவற்றில் பல, ஒரு கடிகாரத்தின் இயந்திரத்தை இன்னொன்றின் பெட்டியில் பொருத்தியவை. வியாபாரிகள் இதைக் கல்யாணம் என்பார்கள். இயந்திரம் உட்காரும் பலகையின் அடியில் புதுத் துண்டு மரம் செருகியிருந்தாலும், முகப்பின் ஓரத்துக்கும் கதவுச் சட்டத்துக்கும் இடையே சந்து தெரிந்தாலும் சந்தேகப்படலாம். ஈரமான கல்தரையில் நின்று அழுகிய பாதத்தை அறுத்துத் தள்ளியதால் குட்டையானவையும் உண்டு. சுவரோடு இறுக்காமல் நிறுத்திய கடிகாரம் வாரத்தில் ஒரே கிழமையில் நின்றுபோவது உரிமையாளர்கள் பலருக்கும் பழக்கமான தொல்லை. பேயும் இல்லை, பழுதும் இல்லை. இறங்கிவரும் குண்டுகள் அன்று ஊசலின் மட்டத்துக்கு வந்து, பெட்டியின் அசைவில் தாமும் ஆடி ஊசலின் ஆட்டத்தைத் தின்றுவிடுகின்றன. பின்பலகையில் ஒரு திருகாணி போட்டுச் சுவரோடு இறுக்கினால் தீர்ந்தது.

டாம்பியன், நிப், ஃப்ரமான்டீல் கடிகாரங்களைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். ஹாரிசனின் மரக் கடிகாரங்கள் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1631இல் சாசனம் பெற்ற கடிகாரக்காரர் சங்கத்தின் சேகரிப்பும் 2015 முதல் அங்கேதான். ஊர்ப்புறத் தொழிலை அறிய விரும்புபவர் லெஸ்டர் நகருக்குப் போக வேண்டும்: 1771இல் தொழில் தொடங்கிய சாமுவேல் டீக்கனின் பட்டறை அங்குள்ள நியூவார்க் ஹவுசஸ் அருங்காட்சியகத்தில் மீண்டும் அமைக்கப்பட்டது.