நாட்டார் பாடகரும் குரற்பயிற்சியும்: சாவகச்சேரியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

நாட்டார் பாடல் கற்பிக்கப்படுவதன்று, தானே ஊறிவருவது என்னும் கருத்து நம்மிடையே வேரூன்றியுள்ளது. தாலாட்டுக்கும் அரிவுவெட்டுப் பாடலுக்கும் இக்கருத்து ஓரளவு பொருந்தும். விடியவிடிய ஆடிப்பாடும் கூத்துக்கு அது பொருந்தாது. கூத்தனின் குரல் பயிற்றப்பட்ட குரல். அப்பயிற்சி வளர்ந்த வழியை அறிந்தாலன்றி, நாட்டார் பாடகருக்கெனப் பயிற்சிப் பட்டறை நடத்துவோர் எதைக் கற்பிப்பது, எதைத் தொடாது விடுவது என்று துணிதல் இயலாது.

தென்மராட்சியின் நடுநகர் சாவகச்சேரி. அதனைச் சூழ மட்டுவில், மீசாலை, வரணி, கொடிகாமம் முதலிய ஊர்கள் உள்ளன. பங்குனித் திங்கட் பொங்கலுக்குப் பெயர்பெற்ற மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலும் இப்பகுதியிலேயே உள்ளது. அம்மன் வழிபாட்டோடு ஒட்டிய காத்தவராயன் கூத்து யாழ்ப்பாணக் குடாநாட்டில் நேர்த்திக்கடனாகவும் ஆடப்பெறுவது; சிந்து மெட்டுகளால் நடப்பது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் திறந்த வெளியிற் கூடிய மக்களின் கடைசி வரிசைக்கும் சொல் தெளிவாய்க் கேட்டாக வேண்டும். ஆகவே உச்சக் குரலும், திறந்த வாயும், அழுத்தமான உச்சரிப்பும் இக்கலையின் தேவைகளாயின. அவற்றைக் குறைகளெனக் கருதுவது வரலாற்றை அறியாமையாகும்.

இத்தேவைகளை அண்ணாவியார் எவ்வாறு நிறைவுசெய்தார்? ஈழத்துக் கூத்து மரபில் சட்டங்கொடுத்தல் தொடங்கி அரங்கேற்றம் வரை பயிற்சி பல மாதங்கள் நீளும். குரல் சிறிது சிறிதாக உரம்பெற இக்கால நீட்சி உதவிற்று. கூத்தன் ஓர் அடியைப் பாட, பிற்பாட்டுக்காரர் அதனை வாங்கிப் பாடுவர். கேட்போர் மனத்திற் சொல்லைப் பதிப்பதோடு, ஆடுவோனுக்கு மூச்செடுக்க இடமளிப்பதும் இம்முறையே. குரலைப் பேணும் நுட்பம் இங்கே தனிப் பாடமாக நில்லாது, ஆற்றுகையின் அமைப்பிலேயே அடங்கியிருந்தது எனலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டுத் தமிழகத்து நாடகக் குழுக்களின் வருகையால் இசைநாடகம் இங்கு பரவிற்று. அதனுடன் வந்த ஆர்மோனியம் பாடகனை நிலைத்த சுருதியொன்றிற் கட்டியது. எஸ். ஜி. கிட்டப்பா போன்றோரின் உச்சக் குரலே அக்காலத்தின் அளவுகோலாயிற்று. ஐந்து கட்டைச் சுருதியில் ஆண்குரல் மேல் ஷட்ஜத்தைப் பாடும்போது குரல் நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 390 முறை அதிர்கின்றன. காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) தம் வசந்தகான சபா மூலம் இம்மரபின் ஆற்றலை ஈழத்தில் நிலைநாட்டினார். ஒலிபெருக்கி வந்தபின் உரத்துப் பாடவேண்டிய தேவை குறைந்தது. பழக்கமோ எளிதிற் குறையவில்லை.

பல்கலைக்கழகம் இத்துறையுட் புகுந்த விதம் தனித்து நோக்கத்தக்கது. 1956இல் எதிரிவீர சரச்சந்திர ‘மனமே’ நாடகத்தை உருவாக்கியபோது, நாடகம் எனச் சிங்களவர் வழங்கும் கிராமிய ஆட்டமரபின் ஆசான் சார்ள்ஸ் சில்வா குணசிங்கவே பேராதனை மாணவருக்குப் பயிற்சியளித்தார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் ‘கர்ணன் போர்’ கூத்தை மேடையேற்றியபோதும் மட்டக்களப்பு அண்ணாவிமாரின் புலமை துணைநின்றது. அதாவது, கற்றோர் மாணவராயினர், கிராமத்தவர் ஆசிரியராயினர். இன்றைய பட்டறைகள் பலவற்றில் இவ்வுறவு தலைகீழாகிவிடுகின்றது.

இடர் இங்கேதான் எழுகின்றது. கர்நாடக இசை பயின்ற ஆசிரியர் கூத்துப் பாடகனின் குரலைத் திருத்தப் புகும்போது, ஆர்மோனியக் கட்டைகளுக்கு இடையில் நிற்கும் சுரத்தையும் பிழையெனத் திருத்திவிடக்கூடும். கமகத்தைச் சேர்த்துச் சொல்லின் வேகத்தை மழுக்கிவிடவும் கூடும். அவ்வாறாயின் ஊருக்கூர் வேறுபடும் மெட்டுகள் ஒரே முகம் பெறும். எனினும், பட்டறையே வேண்டா என்பது இதன் முடிபன்று. வயிற்றிலிருந்து மூச்சை ஆளுதல், பாடுமுன் தாழ்ந்த குரலிற் பழகிக்கொள்ளுதல், நீர் அருந்துதல், கம்மிய குரலுக்கு ஓய்வளித்தல் ஆகியன எந்த மெட்டையும் மாற்றுவன அல்ல. இவை பாடகனின் தொண்டைக்கு உரியவை. மரபின் உருவத்துக்கு உரியவை அல்ல. இவ்விரண்டையும் பிரித்தறிதலே பட்டறை நடத்துவோரின் முதற்கடன்.

1995இன் பேரிடப்பெயர்விலே வலிகாமத்து மக்கள் தென்மராட்சியிற் புகலடைந்தனர். 2000இன் போரிலே சாவகச்சேரியும் சிதைந்தது, அங்கிருந்தோரும் இடம்பெயர்ந்தனர். ஆண்டுதோறும் ஒரே களரியிற் கூடி, மூத்தோர் குரலைக் கேட்டு இளையோர் பழகும் தொடர்ச்சி இத்தகைய இடப்பெயர்வுகளால் அறுபடுவது இயல்பு. மாதக்கணக்கிற் பழகியதைச் சில நாட்களில் ஈடுசெய்ய முயலும் பட்டறையின் பொறுப்பு இதனாற் பெருகுகின்றது. ஆதலின் பயிற்சிக்கு முன் பாடகரின் மெட்டுகள் உள்ளவாறே ஒலிப்பதிவு செய்யப்படல் வேண்டும். குரற்பயிற்சி ஆசிரியருடன் அண்ணாவியாரும் சம ஆசனத்தில் அமர்தல் வேண்டும். 1975இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்துடன் இணைந்த இராமநாதன் இசைக் கல்லூரியின் வழிவந்த இசைப்புலமையும், 1978இல் தோன்றிய நாடக அரங்கக் கல்லூரி வளர்த்த களப்பயிற்சி மரபும் நம்மிடம் உள்ளன. அவை அண்ணாவியாரிடம் கேட்டுக் கற்கவும் முன்வருமாயின், தென்மராட்சியின் பாடல் தன் குரலை இழவாமலே நெடுங்காலம் ஒலிக்கும்.