வளர்ச்சி: தன்வினையும் பிறவினையும்

'வளர்ச்சி' தன்வினையிலிருந்து பிறந்த சொல். செடி வளரும், பிள்ளை வளரும். வளரவிடாமல் அடித்தது யார் என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. 1949 ஜனவரி 20 அன்று ட்ரூமன் தன் பதவியேற்பு உரையில் 'வளர்ச்சி குன்றிய பகுதிகள்' என்றார். குன்றவைத்தது யார் என்பது அந்தத் தொடரில் இல்லை. கயானாவின் வால்டர் ராட்னி, ஐரோப்பா ஆப்பிரிக்காவை எப்படிக் குன்றச் செய்தது என்றே 1972இல் தன் நூலுக்குத் தலைப்பு வைத்தார். தன்வினையைப் பிறவினையாக்கியதுதான் அந்நூலின் அரசியல் என்பேன்.

ஆனால் அதிகாரத்தின் சொல்லாடல் அவ்வளவு லேசில் தோற்பதில்லை. லெசோத்தோவை எடுத்துக்கொள்வோம். தென்னாப்பிரிக்கா நாற்புறமும் சூழ்ந்த சிறு மலைநாடு. நவீனப் பொருளாதாரம் அநேகமாகத் தீண்டாத மரபான விவசாயச் சமூகம் என்று 1975இல் உலக வங்கி அறிக்கை அதை வர்ணித்தது. வரலாறோ வேறு. பசோத்தோ மக்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே கிம்பர்லி வைரச் சுரங்கங்களுக்குத் தானியம் விற்றவர்கள். காலிடன் ஆற்றுக்கு மேற்கே இருந்த நல்ல நிலத்தைப் போயர்கள் பறித்ததை 1869 உடன்படிக்கை உறுதியாக்கியது. பிறகு ஆண்கள் சுரங்கக் கூலிகளானார்கள். 1970களில் கிராமத்துக் குடும்பங்களின் வருமானத்தில் பெரும்பங்கு அந்தக் கூலிதான். இதை ஓரந்தள்ளினால்தான் அங்கே விவசாயத் திட்டம் போட முடியும்.

போட்டார்கள். தாபா-த்செக்கா திட்டம், 1975 முதல் 1984 வரை. உலக வங்கியும் கனடாவும் பணம் கொடுத்தன. மாடுகளைச் சந்தைக்கு வளர்க்கச் சொன்னார்கள்; ஜனங்கள் விற்கவில்லை. பழம்போக்கு என்றார்கள் நிபுணர்கள். சுரங்கத்தில் உடம்பு தேய்ந்து திரும்புகிறவனுக்கு மாடுதான் ஓய்வூதியம் என்பதை ஜேம்ஸ் ஃபெர்குசன் 1990இல் வந்த நூலில் காட்டினார். காசை மனைவி கேட்கலாம், மாட்டைக் கேட்க முடியாது என்கிற ஆண் அதிகாரமும் அதில் உண்டு. விவசாயம் தேறவில்லை. சாலை வந்தது, அஞ்சலகமும் போலீசும் சிறையும் வந்தன. திட்டம் தோற்றது, அரசு வேரூன்றியது. அரசியலை நீக்கும் எந்திரம் என்று ஃபெர்குசன் இதற்குப் பெயரிட்டார்.

"சரிப்பா, அப்ப ரோடே வேண்டாங்கிறியா?" என்று தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வளர்ச்சி விமர்சகர்கள் சிலர் இதைக் கண்டுகொள்ளாமல் போவதில் எனக்கு உடன்பாடில்லை. பிரசவ வலியில் கிடப்பவளுக்கு ரோடு வெறும் சொல்லாடல் அல்ல. ஃபெர்குசன், என்ன செய்வது என்பதோடு, செய்வது யார் என்றும் கேட்கிறார். லெசோத்தோவில் பிறந்த ஜேம்ஸ் மொட்லாட்சி 1982இல் தென்னாப்பிரிக்கச் சுரங்கத் தொழிலாளர் தேசியச் சங்கத்தின் முதல் தலைவரானார். 1987இல் அச்சங்கம் மூன்று வாரம் வேலைநிறுத்தம் நடத்தியது. வளர்ச்சியின் வரலாற்றில் இந்த வேலைநிறுத்தத்தை ஏன் யாரும் சேர்ப்பதில்லை?