மொரிதாவின் வீட்டு வைத்தியம்

கூச்சம் பிறவிக் குணம், அதை ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் கூச்சத்தை நோயளவுக்கு வளர்ப்பது ஓயாத எண்ணமே என்று சிகிச்சையிலேயே காட்ட முயன்றவர் ஜப்பானிய மனநல மருத்துவர் மொரிதா மசாதாகே (1874–1938). 1919 வாக்கில் டோக்கியோவில் தம் வீட்டிலேயே நோயாளிகளைத் தங்கவைத்து மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். நாலு பேர் எதிரில் முகம் சிவந்துவிடுமோ என்று அஞ்சி ஒடுங்கியவர்களுக்கும் அவர் சிகிச்சை அளித்தார். முகச் சூட்டைக் கவனிக்கக் கவனிக்க அது கூடுகிறது. கூடக் கூடக் கவனம் அங்கேயே போய் ஒட்டிக்கொள்கிறது. சிவக்கவே கூடாது என்ற வைராக்கியம் அதை மேலும் முறுக்கிவிடுகிறது என்பது அவர் கணிப்பு. அதனால் அவர் நோயாளியின் எண்ணங்களோடு வாதாடவில்லை. முதல் ஒரு வாரம் தனியறையில் படுக்கை. சாப்பாட்டுக்கும் கழிப்பறைக்கும் மட்டும் எழலாம். படிப்பு, பேச்சு கிடையாது. மனம் எங்கே ஓடினாலும் ஓடட்டும் என்று விட்டுவிட வேண்டும். அடுத்துச் சின்னச் சின்ன வேலை, பிறகு கடின வேலை, கடைசியில் வெளியுலகம். நோயாளி எழுதும் நாட்குறிப்பை மருத்துவர் படித்துக் குறிப்பெழுதுவார். கூச்சம் போகட்டும் என்று காத்திராமல் கூச்சத்தோடேயே கைவேலையைப் பார்ப்பதுதான் பயிற்சி.

பிறர் எதிரில் ஒடுங்கும் இந்த அச்சம் ஜப்பானியருக்கே உரிய நோய், பிறருக்குப் பொருந்தாது என்பார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமே 1994இல் இதைப் பண்பாடு சார்ந்த கோளாறுகளின் பட்டியலில் சேர்த்தது. பிறரைச் சங்கடப்படுத்திவிடுவோமோ என்ற அச்சத்தில் ஜப்பானிய வாடை உண்டுதான். ஆனால் பிறர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்ற நினைப்பே முகத்தைச் சிவக்கவைக்கிறது என்று இங்கிலாந்தில் டார்வின் 1872இலேயே எழுதியிருந்தார். 1995இல் கிளார்க், வெல்ஸ் என்ற இரு பிரிட்டிஷ் உளவியலாளர்கள் முன்வைத்த விளக்கமும் தன்மீதே திரும்பும் கவனத்தைத்தான் குற்றவாளியாக்கியது. பிறவிக் குணம் என்ற வாதத்திலும் உண்மை இருக்கிறது. புதியவற்றைக் கண்டு மிரளும் கைக்குழந்தைகளை உளவியலாளர் ஜெரோம் கேகன் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார். அவர்களில் பலர் வளர்ந்து கூச்சக்காரர்கள் ஆகவில்லை. மிரட்சி பிறப்பில் வரலாம். அதை நாள் முழுக்க அசைபோடுவது பிறகு படிந்த பழக்கம். மொரிதா கைவைத்தது அந்தப் பழக்கத்தில்தான். அவர் பேராசிரியராக இருந்த ஜிக்கேய் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் இந்தச் சிகிச்சை இன்றும் தொடர்கிறது. ஜப்பானில் இப்போது படுக்கை வாரத்தைவிட வெளிநோயாளிச் சிகிச்சையே அதிகம்.