பரீட்சை எழுதின ஷாட்கன்

இன்னிக்குப் பேசப்போறது ஒரு துப்பாக்கி எழுதின பரீட்சையைப் பத்தி.

1998 மே மாசம். அமெரிக்காவோட நியூ ஜெர்சியில, பிகாட்டினி ஆர்சனல்ல இருக்குற ராணுவ ஆயுத ஆராய்ச்சி மையம் ஒரு டெண்டர் விடுது. கேட்டது 12 கேஜ் செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கன். ட்ரிகரை ஒரு தடவை அழுத்தினா ஒரு வெடி. அடுத்த தோட்டாவைத் துப்பாக்கியே ஏத்திக்கணும்.

இது அப்போ புது ஐடியாவே இல்லை. ஜான் பிரௌனிங் 1900லயே இதுக்குப் பேட்டன்ட் வாங்கிட்டார். ஆனா முதல் உலகப்போர்ல அமெரிக்கச் சிப்பாய்கள் பதுங்குகுழிக்கு எடுத்துட்டுப் போனது, கையால இழுத்துத் தள்ளுற பம்ப் வகை வின்செஸ்டர் 1897. அதுக்கப்புறமும் போர்முனையில பெரும்பாலும் பம்ப்தான்.

ஏன்? நம்பிக்கை. பம்ப்ல தோட்டாவை ஏத்துறது மனுஷன் கை. தோட்டா பலமோ பலவீனமோ, கைக்கு எல்லாம் ஒண்ணுதான். செமி ஆட்டோமேட்டிக்ல அந்தச் சக்தி முந்தின வெடியில இருந்து வரணும். ஷாட்கன் தோட்டாவுலயோ மருந்தும் ஈயமும் ரகத்துக்கு ரகம் மாறும். நம்ம ஆபீஸ் பாஷையில சொன்னா, இன்புட் ஒரே மாதிரி வராது. சக்தி குறைஞ்சா இயந்திரம் பாதியில நிக்கும். கூடினா பாகங்கள் அடிவாங்கும்.

டெண்டருக்கு வந்த கம்பெனிகள்ல ஒண்ணு இத்தாலியோட பெனெல்லி. ஊர் ஊர்பினோ, ஓவியர் ரஃபேல் பிறந்த ஊர். அவங்களோட பழைய மாடல்கள் ஓடினது நிலைமத்துல. துப்பாக்கி பின்னாடி உதைக்கும், உள்ளே போல்ட் நின்ன இடத்துலயே நிக்கப் பார்க்கும், நடுவுல ஸ்பிரிங் அமுங்கும். அது விரியும்போது போல்ட்டைத் தள்ளும். எளிமையான டிசைன். ஆனா டார்ச், ஸ்கோப்னு எடையை ஏத்தினா உதை குறையும். உதை குறைஞ்சா இந்த முறை தடுமாறும். ராணுவத்துக்கோ அதையெல்லாம் மாட்டியே ஆகணும்.

அதனால எம்4 மாடலுக்குப் பெனெல்லி தன்னோட பழைய முறையையே விட்டுச்சு. தோட்டா வெடிக்கிற அறைக்குச் சற்று முன்னாடி ரெண்டு குட்டி பிஸ்டன். வெடிக்கிற வாயு அதைத் தள்ளும். அழுத்தம் அதிகமானா மிச்சம் வெளியே போயிடும். இன்புட் மாறினாலும் இயந்திரம் தானே சரிபண்ணிக்கும். 1998 ஆகஸ்ட்ல மேரிலாண்ட் மாநிலத்து அபர்டீன் சோதனைக் களத்துல சுட்டுப் பார்த்தாங்க. 1999ல பெனெல்லி ஜெயிச்சுது. எம்1014ங்கிற பேர்ல துப்பாக்கி மரைன் படைக்குப் போச்சு.

ஒரு என்ஜினியரா எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். ஜெயிச்ச முறையையே தூக்கிப் போட ஒரு கம்பெனிக்குத் துணிச்சல் வேணும். ஆனா இதோட நிறுத்தினா கதை பாதிதான்.

1918 செப்டம்பர்ல ஜெர்மனி அமெரிக்காவுக்கு ஒரு கண்டனம் அனுப்புச்சு: ஷாட்கன் தேவையில்லாத வேதனை தருது, போர்ச் சட்டத்துக்கு விரோதம், அதோட பிடிபடுற சிப்பாயோட உயிருக்கு உத்தரவாதம் இல்லை. வெளியுறவுச் செயலர் ராபர்ட் லான்சிங் அதை நிராகரிச்சார். அப்படிச் செஞ்சா பதிலடி வரும்னு எச்சரிச்சார். விஷவாயுவை இறக்கின நாடு வேதனையைப் பத்திப் பேசுதேன்னு சிரிக்கத் தோணும். ஆனா கேட்டவன் யோக்கியன் இல்லைங்கிறதால கேள்வி தப்பாயிடாது.

இந்தத் துப்பாக்கி நிக்காம வேலை செய்யுமா? அதுக்கு அபர்டீன்ல பதில் கிடைச்சுது. அது வேலை செய்யலாமாங்கிற கேள்விக்குச் சோதனைக் களத்துல பதில் கிடையாது. அதை ஸ்பெக் எழுதுறவங்க மேஜையிலதான் கேட்கணும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.