எடைப் பதிவேடுகள் காட்டிய வழி: கருவில் நேரும் ஊட்டக்குறையும் முதிர்வயது நோய்களும்

முன்னுரை

மாரடைப்புக்கும் நீரிழிவுக்கும் புகைப்பழக்கம், கொழுப்பு மிகுந்த உணவு, உடலுழைப்பின்மை ஆகியவையே காரணம் என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் கருதிவந்தது. தாயின் வயிற்றிலும் பிறந்த முதல் ஓரிரு ஆண்டுகளிலும் ஏற்படும் ஊட்டக்குறைக்கும் அவற்றில் பங்குண்டு என்ற கருத்து எவ்வாறு உருவாகி நிலைபெற்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தொடக்ககாலச் சான்றுகள்

1934இல் கெர்மாக், மெக்கெண்ட்ரிக், மெக்கின்லே ஆகிய மூவரும் பிரிட்டன், ஸ்வீடன் நாடுகளின் இறப்பு விகிதங்களை ஆராய்ந்தனர். ஒரு தலைமுறையின் ஆயுளை அதன் குழந்தைப் பருவச் சூழலே பெரிதும் தீர்மானிக்கிறது என்று கண்டனர். 1977இல் நார்வே மருத்துவர் ஆண்டெர்ஸ் ஃபோர்ஸ்டால், சிசு மரணம் மிகுந்திருந்த மாவட்டங்களிலேயே பின்னாளில் இதயநோய் இறப்பும் மிகுந்திருந்ததை எடுத்துக்காட்டினார். இவ்விரு ஆய்வுகளும் அன்று போதிய கவனம் பெறவில்லை.

1986இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்களான டேவிட் பார்க்கரும் கிளைவ் ஆஸ்மண்டும் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 212 வட்டாரங்களை ஒப்பிட்டு இதே உறவைக் கண்டனர். இதயநோய் வசதி படைத்தோரின் நோய் என்றால், ஏழை வட்டாரங்களில் அது ஏன் மிகுதி என்ற கேள்வி எழுந்தது. வட்டாரப் புள்ளிவிவரம் இதற்கு விடை தராது. தனிமனிதர்களின் பிறப்புக் குறிப்புகள் தேவைப்பட்டன.

ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பதிவேடுகள்

அக்குறிப்புகள் இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் கிடைத்தன. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்கு ஆள் எடுத்தபோது இளைஞர்கள் பலர் உடல்தகுதியின்றித் திருப்பி அனுப்பப்பட்டது பிரிட்டனைக் கலங்கச் செய்திருந்தது. குழந்தை நலனில் அக்கறை பெருகிய அக்காலத்தில், அம்மாவட்டத்தின் தலைமைச் செவிலி எத்தல் மார்கரெட் பர்ன்சைடு 1911 முதல் பிறப்பு விவரங்களைப் பதிவுசெய்ய ஏற்பாடு செய்தார். பிறந்த எடை, தாய்ப்பாலா புட்டிப்பாலா, ஓராண்டு நிறைவில் எடை, முளைத்த பற்களின் எண்ணிக்கை எனக் குழந்தைக்கு ஒரு வரியாகச் செவிலியர் எழுதிவைத்தனர்.

அப்பதிவேடுகளில் இருந்த 5,654 ஆண்களின் பிற்கால வாழ்வைப் பார்க்கர் குழுவினர் தேடிக் கண்டறிந்து 1989இல் முடிவை வெளியிட்டனர். ஒரு வயதில் 18 பவுண்டோ அதற்குக் குறைவாகவோ இருந்தவர்களின் இதயநோய் இறப்பு விகிதம், தேசியச் சராசரியை 100 எனக் கொண்டால், 111. 27 பவுண்டும் அதற்கு மேலும் இருந்தவர்களுக்கு 42 மட்டுமே.

1992இல் ஹேல்ஸும் பார்க்கரும் இதற்கு ஒரு விளக்கம் தந்தனர். ஊட்டம் குறையும்போது கரு மூளையைக் காத்துக்கொள்கிறது. கணையம் போன்ற உறுப்புகளின் வளர்ச்சியைச் சுருக்கிக்கொள்கிறது. பற்றாக்குறைக்குப் பழகிய அவ்வுடல் பிற்காலத்தில் உணவு மிகுந்தால் தாங்குவதில்லை என்பது அவர்கள் கருத்து.

பஞ்சங்கள் தந்த சோதனை

இரண்டாம் உலகப் போரின்போது, 1944–45 குளிர்காலத்தில் ஜெர்மானியர் உணவு வரத்தைத் தடுத்ததால் மேற்கு நெதர்லாந்தில் பஞ்சம் ஏற்பட்டது. உச்சகட்டத்தில் ஒருவருக்குக் கிடைத்த பங்கீடு நாளொன்றுக்கு 400 முதல் 800 கலோரி. அப்போது கருவில் இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் குருதிச் சர்க்கரைக் கட்டுப்பாடு குறைந்திருந்தது. 2008இல், அவர்களது மரபணுவின் மேல் பதிந்திருந்த வேதிக்குறிகளிலும் மாற்றம் கண்டறியப்பட்டது.

ஆனால் அதே போரில் ஜெர்மானியர் நடத்திய, சோவியத் நகரான லெனின்கிராடின் முற்றுகையின்போது கருவில் இருந்தவர்களிடம் அத்தகைய சர்க்கரைக் குறைபாடு காணப்படவில்லை என 1997 ஆய்வு அறிவித்தது. நெதர்லாந்தில் பஞ்சம் தீர்ந்ததும் உணவு தாராளமாகக் கிடைத்தது. லெனின்கிராடில் முற்றுகைக்குப் பின்னும் பற்றாக்குறை நீடித்தது. கருவில் பசியும் பின்னர் மிகை உணவும் சேரும்போதுதான் கேடு மிகுகிறது என்று இவ்வேறுபாட்டுக்கு விளக்கம் கூறப்படுகிறது.

இந்தியச் சான்றுகள்

மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதல் பேணப்பட்ட பிறப்புப் பதிவுகளைக் கொண்டு நடந்த ஆய்வு 1996இல் வெளியானது. 2.5 கிலோவும் அதற்குக் குறைவாகவும் பிறந்தவர்களில் 11 விழுக்காட்டினருக்கு இதயநோய் இருந்தது, 3.1 கிலோவுக்கு மேற்பட்டவர்களில் அது 3 விழுக்காடு. புனேயில் சி. எஸ். யாஜ்னிக் குழுவினர், எடை குறைந்த இந்தியக் குழந்தைகளின் உடலில் தசை குறைந்தும் கொழுப்பு குறையாமலும் இருப்பதைக் காட்டினர். இரண்டு வயதில் மெலிந்திருந்து பிறகு வேகமாகப் பருத்தவர்களே நீரிழிவுக்கு மிகுதியும் ஆளாயினர் என்று 2004இல் டெல்லி ஆய்வு தெரிவித்தது.

முடிவுரை

பிறப்பெடை தலைவிதி அன்று. வளர்ந்தபின் புகையை விடுவதும் உடலுழைப்பும் பயன் தரவே செய்கின்றன. வறுமையின் பிற விளைவுகளையும் கருவில் நேர்ந்த குறையையும் முற்றாகப் பிரித்தறிவதும் எளிதன்று. ஆயினும் வெவ்வேறு நாட்டுச் சான்றுகள் பெரும்பாலும் ஒரே திசையைக் காட்டுகின்றன. இதை வைத்துத் தாயைக் குறைகூறுவது அநீதி; அவள் தட்டில் சோறு குறைந்ததற்குப் பஞ்சமும் போரும் வறுமையும் காரணம். கருவுற்ற பெண்ணுக்கும், கருவுறும் முன்பே வளரிளம் பெண்ணுக்கும் நல்ல உணவை உறுதிசெய்வது ஐம்பது ஆண்டுகளுக்குப் பிந்தைய இதயநோயைத் தடுக்கும் பணி. மக்கள் நல்வாழ்வுக்கான திட்டங்களில் அரசுகள் அதற்கு முதலிடம் தர வேண்டும்.