புகையான் திறந்த பள்ளிக்கூடம்

மம்சாபுரம் பக்கம் நெல் போடும் சம்சாரிக்குப் புகையானை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தூரடியில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி. வயல் நடுவே வட்டம் வட்டமாகப் பயிர் தீய்ந்தாற்போல் காய்ந்து கிடந்தால் அதன் கைவரிசைதான். உடனே மருந்துக் கடைக்கு ஓட்டம். அட்மா திட்டத்தில் வேளாண்மைத் துறை நடத்தும் பண்ணைப் பள்ளிக்கு மூல காரணம் இந்தப் பூச்சிதான். பள்ளி பிறந்த இடம் மட்டும் இந்தோனேசியாவின் ஜாவா.

இந்தோனேசியா 1984இல் அரிசியில் தன்னிறைவு கண்டது. பூச்சிமருந்துக்கு அரசே பெரும்பகுதி மானியம் கொடுத்தது. அதிகாரிகள் அட்டவணை போட்டு அடிக்கச் சொன்னார்கள். இரண்டே வருடத்தில் புகையான் ஜாவாவைச் சூழ்ந்துகொண்டது. அடிக்க அடிக்கப் பெருகியது. இதில் மாயம் ஒன்றுமில்லை. புகையானின் முட்டை இலையுறைக்குள் பத்திரமாக இருக்கும்; மேலே தெளித்த மருந்தில் சாவது அதைத் தின்னும் சிலந்தி. காவல்காரன் போனபின் குஞ்சு பொரித்தால் கேட்க ஆளேது? பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பீட்டர் கென்மோர் 1970களின் கடைசியிலேயே வயலில் எண்ணிப் பார்த்துக் காட்டிய சங்கதி இது. 1986 நவம்பரில் இந்தோனேசிய அரசு நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்தது.

தடை போட ஒரு கையெழுத்து போதும். நேற்றுவரை 'அடி' என்ற அதே அதிகாரி இன்று 'அடிக்காதே' என்றால் எந்த விவசாயி நம்புவான்? இன்னொரு சுற்றறிக்கையால் அந்த நம்பிக்கையை மீட்க முடியாது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு துணை நிற்க, 1989இல் மத்திய ஜாவாவில் வயல்வெளிப் பள்ளி தொடங்கியது.

பாடம் நடத்துகிறவர் முதலில் ஒரு போகம் தன் கையால் நெல் விளைவித்திருக்க வேண்டும். சுமார் 25 விவசாயிகள், வாரம் ஒரு காலைப்பொழுது, நடவிலிருந்து அறுப்புவரை. ஐந்தைந்து பேராகச் சேற்றில் இறங்கித் தூர் தூராகப் பூச்சியை எண்ணுவார்கள். கரையேறிப் பெரிய தாளில் பயிரையும் பூச்சியையும் வண்ணத்தில் வரைந்து, இந்த வாரம் என்ன செய்யலாம் என்று வாதாடுவார்கள். 'இது என்ன பூச்சி?' என்று யாராவது கேட்டால் பெயர் சொல்லக் கூடாது. 'எங்கே பிடித்தீர்கள்? அங்கே என்ன செய்துகொண்டிருந்தது?' என்று திருப்பிக் கேட்க வேண்டும். சந்தேகம் தீரவில்லையா, சிலந்தியையும் புகையானையும் ஒரே டப்பாவில் அடைத்து வைத்துவிட்டு வந்து பார். இலையைப் பூச்சி தின்றுவிட்டதே என்று பதறுகிறவர்கள், தாங்களே இளம் பயிரின் இலையைக் கத்தரித்துவிட்டு அது மீண்டும் தழைக்கிறதா என்று பார்ப்பார்கள்.

இந்த ஏற்பாட்டின் கெட்டிக்காரத்தனம் அதிகாரியின் வாயைக் கட்டியதில் இருக்கிறது என்பேன். டப்பாவில் நடந்ததை அதிகாரி, விவசாயி இருவருமே கண்ணால் பார்த்தார்கள். அதற்குமேல் யாரும் யாரையும் நம்பச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதில்லை.

1990கள் முடிவதற்குள் இந்தோனேசியாவில் பத்து லட்சம் பேர் இப்படிப் படித்தார்கள். ஆனால் படித்தவரிடமிருந்து பக்கத்து வயல்காரருக்கு இந்த அறிவு அவ்வளவாகப் பரவவில்லை என்று உலக வங்கியின் பொருளியலாளர்கள் 2004இல் எழுதினார்கள். எனக்கு அதில் வியப்பில்லை. சேற்றில் நின்று கற்றதை டீக்கடை பெஞ்சில் சொல்லிக் கைமாற்ற முடியுமா?

இந்தியாவுக்கு இந்த வயல்வெளிப் பள்ளி 1990களில் வந்தது. அட்மா பண்ணைப் பள்ளியிலும் 25 பேர்தான். வாரந்தோறும் என்பது பயிரின் ஆறு பருவங்களாகச் சுருங்கிவிட்டது. சேற்றில் இறங்காமல் நிழலில் பேச்சோடு முடிந்தால் அது பழைய அட்டவணைதான்.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத் தோப்புகளில் இப்போது அதே நாடகம் தென்னையில் நடக்கிறது. 2016இல் பொள்ளாச்சியில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈக்கும் ரசாயன மருந்து அடிக்க வேண்டாம், என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் காப்பாற்றுங்கள் என்கிறது துறை. ஓலை கறுத்துக் கிடக்கிற சம்சாரியிடம் இதைச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினால் அவர் நேரே மருந்துக் கடைக்குத்தான் போவார். ஓலையைத் திருப்பிப் பிடித்து, குளவி வெளியேறிய வட்ட ஓட்டைகளை லென்ஸில் அவரே எண்ணட்டும். எண்ணும்போது பக்கத்துத் தோப்புக்காரரும் கூட இருக்க வேண்டும். அவர் மருந்து அடித்தால் இவர் தோப்புக் குளவிக்கும் ஆபத்துதான்.