நின்று ஓட்டும் ஜெட் ஸ்கியில் பக்க மிதவைகள்

பக்க மிதவை என்பது, நின்றுகொண்டு ஓட்டும் ஜெட் ஸ்கியின் அடியுடலுக்கு வெளியே, இரு பக்கங்களிலும் பெரும்பாலும் பின்பாதியில் ஒட்டப்படும் துணையுறுப்பாகும்; கண்ணாடியிழை ஓட்டுக்குள் நுரை நிரப்பியோ திண்ணிய நுரையைச் செதுக்கிப் பூச்சிட்டோ இது செய்யப்படுகிறது. திருப்பத்தில் நீரைப் பற்றிக்கொள்ளப் பொருத்தப்படும் மெல்லிய ஸ்பான்சன்கள் இதனின்று வேறானவை. அவற்றின் வேலை பிடிப்புத் தருவது, மிதவையின் வேலை கனவளவைக் கூட்டுவது.

கிளேட்டன் ஜேக்கப்சனின் வடிவமைப்பை ஒட்டி 1970களின் தொடக்கத்தில் கவாசாகி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் மாதிரிகளிலிருந்தே இவ்வகை வண்டிகள் குறுகலானவை. 1990இல் வெளிவந்த யமாஹா சூப்பர்ஜெட்டின் அகலமும் 70 செ.மீ.யைத் தொடவில்லை. ஓட்டுபவர் பின்தட்டில் நிற்பதால், வேகம் பிடிக்கும்வரை பின்பகுதி அமிழ்ந்து வண்டி இருபுறமும் தள்ளாடுகிறது. எடை மிகுந்தவர்களுக்கு ஆழ்நீரில் ஏறிப் புறப்படுவதே முதல் இடர். அமிழும் ஒவ்வொரு லிட்டர் மிதவையும் நன்னீரில் ஏறத்தாழ ஒரு கிலோ தாங்குவிசை தருமாயினும், அதைவிடப் பெரிய ஆதாயம் அகலத்திலிருந்தே கிடைக்கிறது. பக்கவாட்டுச் சாய்வை எதிர்க்கும் திறன் நீர்மட்ட அகலத்தின் முப்படிக்கேற்ப வளர்வதால், 60 செ.மீ. அகலம் 70 ஆகும்போது அத்திறன், அகலம் கூடிய நீளத்தில் மட்டும், ஏறத்தாழ 1.6 மடங்காகிறது.

வேகம் கூடியபின் நிலைமை மாறுகிறது. வண்டியை அப்போது தாங்குவது பெரும்பாலும் அடித்தளத்தை மோதும் நீரின் தூக்குவிசையே; நேரோட்டத்தில் மிதவை நீருக்கு மேலே நின்றுவிட, சாய்ந்து திரும்பும்போது மட்டுமே அது மீண்டும் நீரைத் தொடுகிறது. நின்று ஓட்டும் வண்டி கூர்மையாகத் திரும்புவதற்கு, ஓட்டுபவர் அதை உட்புறம் சாய்த்து அடிவிளிம்பை நீரில் ஆழ்த்தவேண்டும். உட்பக்க மிதவையோ அச்சாய்வை எதிர்த்து விளிம்பை மேலே தள்ளுகிறது. அதனால் திருப்பம் அகன்றுவிடுவதும் பின்பகுதி வழுக்குவதும் உண்டு. மிதவையின் கீழ்விளிம்பு கூராக இருந்தால் ஓரளவு பிடிப்பு மீளும், உருண்டையாக இருந்தால் வழுக்கல் கூடும். வழுக்கலின்போது பம்பின் நீர் உறிஞ்சுவாயில் காற்று புகுந்தால் உந்துவிசை அறுபடும். சுக்கான் இல்லாத இவ்வண்டியில் திசைமாற்றுவதும் பம்பு பீய்ச்சும் நீர்த்தாரையே என்பதால் இது அற்பக் குறையன்று.

முன்பின் சமநிலையும் மாறுகிறது. பின்புற மிதவை வாலை உயர்த்தி அணியத்தைத் தாழ்த்துவதால் வண்டி விரைவில் நீர்ப்பரப்பின்மேல் எழும்பி ஓடத் தொடங்கினாலும், நெருக்கமான சிற்றலைகளில் அணியம் குத்திக்கொள்ளக்கூடும். அலைமீது தாவுவோரும் ஃப்ரீஸ்டைல் ஓட்டுநர்களும் வாலின் இந்த மிதப்பையே விரும்பி ஏற்கின்றனர்: நீரில் அமுக்கப்பட்ட வால் விசையோடு மேலெழுந்து துள்ளலுக்குத் துணைசெய்கிறது. மிதவைகளின் மதிப்பு உண்மையில் இத்தகைய ஓட்டத்திலேயே வெளிப்படுகிறது. நீரில் மிதக்கும் குறிகளைச் சுற்றி விரையும் பந்தயத்துக்கு அவை ஏற்றவையல்ல.

பொருத்தும் இடம் கனவளவைப் போலவே முக்கியமானது. அடிவிளிம்புக்குச் சற்று மேலே ஒட்டினால் சிறு சாய்வுகளில் வண்டியின் இயல்புக் குணம் காக்கப்படும். தாழ்த்தி ஒட்டினால் நேரோட்டத்திலும் நீரிழுவை கூடும். ஒட்டுமுன் மேற்பூச்சைச் சுரண்டி எபாக்சி போன்ற நீர்தாங்கும் பசையால் இணைப்பது வழக்கம். திருகாணியாலும் இறுக்கினால் அதன் துளைகளைச் சரியாக அடைக்கவேண்டும்; இல்லையேல் நீர் உள்ளே கசியும். இரு மிதவைகளின் உயரத்திலோ கோணத்திலோ வேறுபாடு இருந்தால், வண்டி இடத்திருப்பத்தில் ஒரு குணமும் வலத்திருப்பத்தில் வேறொரு குணமும் காட்டும்.